காயாத சவுக்காரம்

1943 மார்ச் 4, வியாழன்

சவுக்காரம் இந்தத் தடவை சரியாகக் கூடி வரவில்லை. தென்னமட்டைச் சாம்பலைக் கரைத்து வடித்த காரநீர் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. தகரத்தில் ஊற்றி அடுப்படியில் வைத்திருக்கிறேன். ஒரு மாதமாவது காய்ந்தால்தான் மேலுக்குப் போடலாம். ஜப்பான் சண்டைக்கு முன்னால் சீமைச் சவுக்காரத்தைக் காகிதம் உரிக்காமலே முகர்ந்துகொண்டிருந்தவள் நான். இப்போது என் கையைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை. முழங்கைவரை சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்திருக்கிறது. விரலை மடக்கினால் வெடிப்பில் ரத்தம் கசிகிறது.

அவர் வேலை விட்டு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் சொன்னார். "மருதமுத்து மாமாவை லாரியில ஏத்திட்டாங்களாம். சயாம் ரயில் வேலைக்கு."

மாமா என்றால் இவருடைய அத்தை புருஷன். ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டுகிறவர். அத்தை செத்துப் பல வருஷம் ஆகிறது. ஒரே மகள், சிவகாமசுந்தரி. அம்மாவின் சீக்கு, பிறகு அப்பாவுக்குச் சோறு என்று கல்யாணமே ஆகாமல் இருபத்தைந்து வயதாகிவிட்டது. தோட்டத்து ஆபீஸ் பங்களாவில் ஜப்பான்காரர்கள் தங்கியிருக்கிறார்கள். கூலிகள் குடியிருக்கிற லயத்தில் அவள் தனியாக எப்படி இருப்பாள்?

"கூட்டிட்டு வந்துடுங்க" என்று நான்தான் சொன்னேன். வேறு என்ன சொல்வது?

என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கே மாமியார் எல்லாருக்கும் கேட்கும்படி, "எங்க சுந்தரி இருக்கையில வெளியில எதுக்குன்னுதான் கேட்டேன்" என்றாள். அந்தச் சுந்தரி இவள்தான்.

மார்ச் 9

வந்துவிட்டாள். ஒரு துணி மூட்டை, ஒரு தேங்காய். மாட்டுவண்டிப் புழுதியெல்லாம் மேலே. குளித்துவிட்டு வந்து நின்றாள். நான் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

கறுப்புதான். என்னைவிடக் கறுப்பு. ஆனால் அந்தத் தோல் — எப்படிச் சொல்வது — உள்ளேயிருந்து ஒரு மினுமினுப்பு. கழுத்து, கை, கணுக்கால் எல்லாம் ஒரே மாதிரி. மரவள்ளிக்கிழங்கு தின்று ஊரே வற்றிக் கிடக்கிற காலத்தில் இவளுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

போன தடவை காய்ச்சிய சவுக்காரத்தில் நல்ல துண்டாகப் பார்த்துக் கொடுத்திருந்தேன். அப்படியே ஈரம் படாமல் திருப்பி வைத்திருக்கிறாள்.

"வேணாமா?"

"பழக்கமில்லக்கா. தப்பா நெனக்காதீங்க."

தப்பாகத்தான் நினைத்தேன்.

மார்ச் 12

இன்று அவர் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது குரல் மாறியது. இல்லை, என் காதுதான் மாறிவிட்டதா?

மார்ச் 17

அவள் என்ன செய்கிறாள் என்று பார்த்துவிட்டேன். குழம்புக்குத் தேங்காய்ப்பால் பிழிந்த சக்கையை நான் கோழிக்குப் போடுவேன். அவள் அதில் ஒரு பிடி எடுத்து வைத்துக்கொள்கிறாள். எங்காவது அரிசித் தவிடு கிடைத்தால் மெல்லிய துணியில் முடிந்து தண்ணீரில் ஊறவைக்கிறாள். அந்தப் பால்போன்ற தண்ணீரால் முகத்தைத் தடவுகிறாள். தேய்ப்பதே இல்லை. தூங்குகிற குழந்தையைத் தொடுகிற மாதிரி. அப்புறம் துண்டால் ஒற்றி எடுக்கிறாள். அவ்வளவுதான்.

நுரை வராமல் எப்படி அழுக்குப் போகும் என்று கேட்டேன்.

"அழுக்கு போயிரும்க்கா. எண்ணெய் போகக் கூடாது. உடம்பு தானா சொரக்கிற எண்ணெய் அது. அதையும் கழுவி விட்டுட்டா, இந்தக் காலத்துல வேற எண்ணெய்க்கு எங்க போறது?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். என் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். அதை அவர் பார்த்துவிட்டார். சாப்பிடும்போது, "நீயும் அவ மாதிரி செஞ்சு பாரேன் சந்திரா, கை இப்படியா வெடிக்கும்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். சோறு இறங்கவில்லை. அது சோறும் இல்லை, கிழங்கு.

ஐந்து வருஷமாக இந்தக் கை அவருக்குத் துவைத்துப் போட்டது.

மார்ச் 22

வேலை பார்க்கிற நகராட்சித் தண்ணீர் ஆபீசில் யாரோ கொடுத்தார்கள் என்று ஒரு பொட்டலம் தவிடு கொண்டுவந்தார். "சுந்தரிக்கு ஆகுமே" என்று என் கையில்தான் கொடுத்தார். என் கையில்.

ஏப்ரல் 2

கல்யாணமாகாத பெண்கள் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று ஜப்பான்காரர்கள் விசாரிக்கிறார்களாம். ஜாலான் பெண்டஹாரா தெருவில் இருக்கிற துணிக்கடைக்காரர்கள் பெண்பிள்ளைகளை அவசர அவசரமாகக் கட்டிக் கொடுக்கிறார்கள். அவர் யோசித்து யோசித்துச் சொன்னார்: "ஒரு மஞ்சக்கயித்தைக் கழுத்துல போட்டுக்கட்டும். கேட்டா கல்யாணம் ஆனவன்னு சொல்லிடலாம்."

புருஷன் யார் என்று கேட்டால்?

வாய்விட்டுக் கேட்கவில்லை. மனதுக்குள்தான் கேட்டேன்.

கயிற்றுக்கு மஞ்சள் தடவிக் கொடுத்தவள் நான். அம்மன் படத்துக்கு முன்னால் நின்று அவளே முடிச்சுப் போட்டுக்கொண்டாள். அவர் வாசலில் தெருவைப் பார்த்தபடி நின்றார். திரும்பிப் பார்ப்பாரா என்று நான் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பவில்லை. திரும்பியிருந்தாலும் தாங்கமாட்டேன், திரும்பாததும் ஏன் என்று இருக்கிறது.

ஏப்ரல் 3

எதிர்வீட்டு மீனாச்சி அக்கா கிணற்றடியில் சுந்தரியின் கழுத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள். அவள் கம்போங் செட்டிக்காரி; எத்தனையோ தலைமுறையாக இங்கேயே இருக்கிற அவர்களுக்கு நம் சாமி, நம் பெயர், நம் விபூதி, ஆனால் பேச்சு மலாய்தான். தாழ்ந்த குரலில், "மாடு கா?" என்றாள். மாடு எங்கே என்று நான் சுற்றிப் பார்த்தேன். அவள் தன் நெஞ்சைத் தொட்டு, இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினாள். அப்புறம்தான் புரிந்தது. அவர்கள் பேச்சில் மாடு என்றால் சக்களத்தி.

இல்லை, அத்தை மகள் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். நம்பினதாகத் தெரியவில்லை. தெருவே நம்பாது. நானே எவ்வளவு நாள் நம்புவேன்?

ஏப்ரல் 11

கதவைச் சாத்திக்கொண்டு தேங்காய்ச் சக்கையைக் கையில் தடவிப் பார்த்தேன். இதமாகத்தான் இருந்தது. எரியவில்லை. ஆனால் சுத்தமானதாகத் தோன்றவில்லை. தோல் கீச்சென்று சத்தம் போட்டால்தான் எனக்குக் குளித்த மாதிரி. அதன் மேலேயே சவுக்காரம் போட்டுக் கழுவிவிட்டேன். அவளிடமிருந்து எடுத்ததாக இருக்க வேண்டாம்.

ஏப்ரல் 18

இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் ரேஷனுக்கு நின்று வருகிறேன், வாசல்வரை சிரிப்பு. தோட்டத்தில் சின்ன வயதில் மாமரத்திலிருந்து இவர் விழுந்த கதையாம். எனக்கும் சொன்னார்கள். நானும் சிரித்தேன்.

என் புருஷனுக்குள் எனக்குத் தெரியாத ஒரு கருணாகரனை அவளுக்குத் தெரியும். அதுதான். தோல்கூட இல்லை. அதுதான்.

இல்லை, தோலும்தான்.

ஏப்ரல் 27

எழுதுவதா வேண்டாமா.

காலையில் ஆபீஸ் போகும்போது அவர் சொன்னார்: ஜப்பான் சிப்பாய்கள் பெண் தேடிப் பக்கத்துத் தெருவரை வந்துவிட்டார்கள், நாளைக்கோ மறுநாளோ இங்கே வருவார்கள். கயிற்றையெல்லாம் அவர்கள் மதிப்பதில்லை. பொம்பிளைகள் கரி பூசிக்கொள்கிறார்கள், முடியை வெட்டிக்கொள்கிறார்கள். "சுந்தரி மூஞ்சிய கொஞ்சம் அசிங்கமாக்கி வை, சந்திரா."

கரிதான் எடுக்கப் போனேன். சட்டியடிக் கரியைச் சுரண்டினேன். கரி கழுவினால் போய்விடும், வியர்த்தாலே வழிந்துவிடும் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன். அடுப்படியில் புதுச் சவுக்காரம் இருந்தது. மூன்று நாளைக்கு முன்னால் ஊற்றியது. இன்னும் கூழாக, நாக்கில் வைத்தால் சுள்ளென்று பிடிக்கும். அதைக் கரியோடு குழைத்தேன்.

கன்னத்திலும் நெற்றியிலும் அப்பினேன். தேய்த்தேன். அவள் எப்போதும் தொடுகிற மாதிரி இல்லை.

"எரியுதுக்கா."

"எரியட்டும். கொஞ்ச நேரம் பொறுத்துக்க."

முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணீர் மட்டும் கரியில் கோடு போட்டுக்கொண்டு இறங்கியது. அதைத் துடைக்கக் கையைக் கொண்டுபோனாள். வேண்டாம் என்று கையைப் பிடித்தேன். மத்தியானம்வரை கழுவ விடவில்லை.

கழுவினபோது தோலும் வந்தது.

ஏப்ரல் 28

வந்தார்கள். இரண்டு சிப்பாய்களும், பேச்சுப் புரியவைக்க ஒரு ஆளும். ஒரு சிப்பாய் சுந்தரியின் தாடையைப் பிடித்துத் தூக்கப் போனான். முகத்தைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டான். கன்னம் இரண்டும் பச்சைப் புண், நெற்றியில் நீர் கோத்துத் தொங்கியது. ஏதோ தொற்றுநோய் என்று நினைத்திருக்க வேண்டும். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே போய்விட்டான்.

கோடிவீட்டிலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுபோய்விட்டார்கள். அவள் அம்மா ரோட்டில் உருண்டு அழுததை இன்னும் கேட்கிறேன்.

அவர் வந்து விஷயம் தெரிந்ததும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அந்த வெடித்த கையை. "நீ இல்லேன்னா இன்னிக்கு அவ இல்ல" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

இத்தனை நாளாக எந்த வார்த்தைக்காக ஏங்கினேனோ அந்த மாதிரி வார்த்தை. இப்படியா வந்து சேர வேண்டும்?

ஏப்ரல் 30

அவளைக் காப்பாற்றத்தான் செய்தேன்.

கரியே போதுமாக இருந்திருக்கும்.

மே 3

காய்ச்சல். முகம் வீங்கி ஒரு கண் திறக்கவில்லை. மருந்துக்கடையில் களிம்பு இல்லை. நான் உப்புத் தண்ணீரால் கழுவலாமா என்று நிற்கும்போது மீனாச்சி அக்கா வந்துவிட்டாள். வந்தவள் என் கையிலிருந்த துணியைப் பிடுங்கிக் கீழே போட்டாள். "ஜாங்கான் கோசோக்" — தேய்க்காதே. அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். ஆறிய வெந்நீரைச் சொட்டுச் சொட்டாக விடு. தொடாதே. தானாகக் காயட்டும். பொருக்கு வந்ததும் புதிதாய்க் காய்ச்சிய தேங்காயெண்ணெய், அதுவும் இறகால். புண் ஆறின பிறகு பெடாக் செஜுக் தருகிறேன் என்றாள். அரிசியை நாள்கணக்கில் ஊறவைத்து அரைத்து, சின்னச் சின்ன உருண்டையாகக் காயவைத்த குளிர்மாவு அது. இந்தப் பஞ்சத்திலும் ஒரு ஜாடி ஒளித்து வைத்திருக்கிறாளாம்.

போகும்போது என்னை ஒரு பார்வை பார்த்தாள். மாடு என்று கேட்ட அதே பார்வை.

மே 9

காய்ச்சல் விட்டது. காலையும் மாலையும் நான்தான். அவரைத் தொட விடவில்லை. பொறாமையில் இல்லை — அதிலும்தான், எழுதுவதில் என்ன பொய் — ஆனால் வேறு யார் தொட்டாலும் அழுத்திவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. இறகை எண்ணெயில் தொட்டுக் கன்னத்தின் ஓரத்திலிருந்து கொண்டுவர வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டுதான் செய்ய முடிகிறது. அவள் கண்ணை மூடிக்கொண்டு முகத்தை என் பக்கம் நீட்டிக்கொண்டு இருக்கிறாள். ஒரு மனுஷியின் முகத்தை இவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை. இடது புருவத்தில் ஒரு சின்ன வெட்டு. மூக்குக் குத்தின துளை தூர்ந்துபோயிருக்கிறது. மூக்குத்தியை எப்போது விற்றார்களோ.

மே 20

பொருக்கு உதிர்ந்து இளந்தோல் வந்திருக்கிறது, ரோஜா நிறத்தில். இடது கன்னத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குத் திட்டு.

எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தேன். கண்ணை மூடியபடியே சொன்னாள்.

"அது காயாத சவுக்காரம்தானேக்கா."

இறகு அப்படியே நின்றுவிட்டது.

"நானும் லயத்துல காய்ச்சியிருக்கேன். வாசத்துலயே தெரியும்."

"தெரிஞ்சுமா உட்கார்ந்திருந்த?" என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

மெதுவாகக் கண்ணைத் திறந்தாள். அப்புறம், "போக வேற வீடு இல்லையேக்கா" என்றாள்.

அவ்வளவுதான். திட்டவில்லை, அழவில்லை. எண்ணெய் காதுப்பக்கம் வழிகிறது என்று மட்டும் சொன்னாள். துடைத்தேன்.

எனக்கு அடுப்படிக்குப் போய் உட்கார இடம் இருந்தது. அவளுக்கு அதுவும் நான் கொடுத்த இடம்.

மே 21

தகரத்திலிருந்த சவுக்காரம் முழுவதையும் பின்பக்கத்தில் குழி தோண்டிக் கொட்டிவிட்டேன். துணிக்கு வேறு காய்ச்ச வேண்டும். பரவாயில்லை.

ஜூன் 14

கேட்டுவிட்டேன். அவரும் நானும் திண்டாடித் திண்டாடிக் கிழங்குப் பாத்தி கொத்திக்கொண்டிருந்தோம், சுந்தரி மீனாச்சி அக்கா வீட்டில் இருந்தாள்.

"அவளைக் கட்டியிருக்கலாமேன்னு நெனச்சதுண்டா?"

மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். இல்லை என்று உடனே சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"நெனச்சேன். அவ வந்த புதுசுல நெனச்சேன்."

"இப்ப?"

"இப்ப நாளைக்கு என்ன திங்கிறதுன்னுதான் நெனப்பு." அப்புறம், "நீ என்னை ஒண்ணும் கேக்காமயே இருந்த பாரு, அதான் எனக்குப் பயமா இருந்துச்சு" என்றார்.

எரிந்தது. ஆனாலும் கேட்டது நல்லதுதான். பொய் சொல்லியிருந்தால் கண்டுபிடித்திருப்பேன், அப்புறம் எதையும் நம்பியிருக்கமாட்டேன்.

ஜூலை 2

இன்று அவள் என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். தவிட்டுத் தண்ணீரில் ஊறவைத்து, ஒற்றி, ஈரம் காய்வதற்குள் ஒரு துளி எண்ணெயைத் தடவினாள். "ஈரம் இருக்கையிலயே வைக்கணும்க்கா, அப்பத்தான் உள்ள தங்கும்." நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அக்டோபர் 28, தீபாவளி

எண்ணெய் எங்கே, எள் எங்கே. இருந்த தேங்காயெண்ணெயை மூன்று பேரும் உச்சியில் தொட்டு வைத்துக்கொண்டோம். அவள் எனக்கு வைத்தாள், நான் அவளுக்கு. மீனாச்சி அக்கா வந்து என் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஹாலுஸ்" என்றாள். மெத்தென்று இருக்கிறதாம்.

தெரு இன்னும் எங்களைச் சக்களத்திகள் என்றுதான் சொல்கிறது. இன்று அது காதில் விழுந்தபோது சுந்தரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்.

1944 ஜூலை 19

சயாமிலிருந்து சீக்காளியாகத் திரும்பி வந்த ஒருவர் சொல்லியனுப்பினார். மருதமுத்து மாமா போன வருஷமே காய்ச்சலில் போய்விட்டார். எங்கே புதைத்தார்கள் என்று தெரியாது.

சுந்தரி என் மடியில்தான் விழுந்தாள். அவர் பக்கத்தில் நின்றார். அவர் பக்கம் அவள் திரும்பவேயில்லை. அந்த நேரத்திலும் அதை நான் கவனித்தேன். என்ன பிறவி நான்.

நவம்பர் 26

துணிக்கடையில் தையல் வேலை செய்கிற சேதுபதி, சுந்தரியைப் பெண் கேட்டு இவரிடம் வந்து பேசியிருக்கிறார். செமாபோக்கில் வீடு, விதவை அக்கா ஒருத்தி கூட இருக்கிறாள். சுந்தரி கழுத்துக் கயிற்றின் கதையை இவர் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். அதற்குச் சேதுபதி, "அந்தக் காலத்துக்கு அந்தக் கயிறு, இப்ப வேற கயிறு" என்றாராம்.

நல்ல மனிதர். நல்ல மனிதர்தான் என்று எல்லாரும் சொல்கிறார்கள். விரல் நீளமாக இருக்கிறது, பல் எடுப்பு. எனக்கு என்னவோ பிடிக்கவில்லை.

டிசம்பர் 3

சுந்தரியிடம் கேட்டேன். சம்மதம் என்றாள். சம்மதம் என்று சொல்லும்போது ஒரு சிரிப்பு வந்தது பார், அதை இந்த வீட்டில் நான் பார்த்ததில்லை.

கன்னத்துத் திட்டைப் பற்றிச் சேதுபதி கேட்டாராம். "அடுப்படியில பட்டதுன்னு சொன்னேன்" என்றாள். அப்படிச் சொன்னதும் பொய் இல்லை. நான் அடுப்படிக்குள்தான் அதைக் குழைத்தேன். அவள் என்னை ஏன் காப்பாற்றுகிறாள் என்று கேட்க வாய் வரவில்லை. அவளும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு கிழங்குத் தோலை உரித்துக்கொண்டிருந்தாள்.

1945 பிப்ரவரி 5, திங்கள்

கோயிலில் சுருக்கமாக முடிந்தது. பழைய கயிற்றை நான்தான் அவிழ்த்தேன். முடிச்சு இறுகியிருந்தது, பல்லால் கடிக்க வேண்டியிருந்தது. அவர் தாலி எடுத்துக் கொடுத்தார், அண்ணன் முறையில் நின்று. அவர் முகத்தை நான் பார்க்கக்கூட இல்லை. பிறகுதான் தோன்றியது, பார்க்க மறந்துவிட்டேனே என்று.

செமாபோக்குக்கு மாட்டுவண்டியில் கிளம்பினார்கள். சேதுபதியின் அக்கா முன்னாலேயே ஏறி உட்கார்ந்து, கை நீட்டிச் சுந்தரியை ஏற்றிக்கொண்டாள். நெற்றியில் கலைந்த முடியைத் தன் கையால் ஒதுக்கிவிட்டாள். "வெயில் படாம இந்தப் பக்கம் தள்ளி ஒக்காரும்மா" என்றாள்.

"சரிக்கா" என்றாள் சுந்தரி.

அவளும் அக்காவா? இவ்வளவு சீக்கிரமா?

வண்டி மறைகிறவரை நின்றேன். உள்ளே வா என்று அவர் கூப்பிட்டார். வயிறு பற்றி எரிகிறது. சாப்பிடவில்லை.